வளராத கிருமியின் பெயர்: யாழ்ப்பாணத்து நெல் விவசாயி ஒருவரின் மூளைச் சீழ்க்கட்டி

தை மாத நடுவில் யாழ்ப்பாணத்து வைத்தியசாலை ஒன்றில் அனுமதிக்கப்பட்ட ஒரு விவசாயியின் நோயைப் பற்றியது இந்த நிகழ்வு ஆய்வு. மூளையில் சீழ் கட்டியிருந்தது. சீழை எடுத்து, கிருமியை ஆய்வுகூடத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினோம், எதுவும் வளரவில்லை. கிருமியின் பெயரைக் கடைசியில் சொன்னது அந்தச் சீழில் மிஞ்சியிருந்த டி.என்.ஏ.

மரபணு வாசிப்பு என்றால் நோயைச் சட்டென்று கண்டுபிடித்துவிடும் பரிசோதனை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இவர் விஷயத்தில் அது சட்டென்று நடக்கவில்லை. முடிவு கைக்கு வரும் முன்பே சரியான மருந்து தொடங்கியாகிவிட்டது. ஆனால் அந்த மருந்தை மாதக்கணக்கில் இடையில் நிறுத்தாமல் கொடுக்கிற துணிவு அந்த முடிவால்தான் கிடைத்தது. எங்கள் பகுதியில் இந்தப் பரிசோதனையின் பெரும் பயன் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன். நோயாளியும் குடும்பமும் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

வயது ஐம்பதைத் தாண்டியவர். தென்மராட்சிப் பக்கம் கொஞ்சம் வயல், வீட்டோடு ஒரு சிறு தோட்டம். 10 வருடத்துக்கு மேலாகச் சலரோகம். கிளினிக் கொப்பியில் மெட்போமின் எழுதியிருந்தது. குளிசையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று மனைவி சொன்னார். குடிப்பழக்கம் இல்லை. குடும்பத்தில் எவருக்கும் காசநோய் வந்ததில்லை.

மூன்று கிழமையாகக் காய்ச்சல். தொடக்கத்தில் இருமல் இருந்திருக்கிறது. ஊரில் ஒரு மருத்துவர் கோ-அமொக்சிக்ளாவ் குளிசை கொடுத்திருக்கிறார். ஒரு கிழமை போட்டதில் காய்ச்சல் தணிந்தது, ஆனால் முற்றாகப் போகவில்லை. குளிசை முடிந்து நாலைந்து நாளில் காய்ச்சல் திரும்பியது, கூடவே கடும் தலையிடி. பிறகு இடது கையில் பிடி தளர்ந்தது. தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. அனுமதிக்கப்பட்ட அன்று காலை முகத்தின் இடது பக்கமும் இடது கையும் சில நிமிடம் வலிப்பு வந்து இழுத்தன. அதன் பிறகுதான் வண்டி பிடித்துக் கொண்டுவந்தார்கள்.

வெப்பநிலை 38.9 பாகை செல்சியஸ். சற்று மயக்கமாக இருந்தார், கூப்பிட்டால் பதில் சொன்னார். இடது கையில் பலம் ஐந்துக்கு மூன்று, காலில் நாலு. கழுத்து இறுக்கம் இல்லை. மூளைச் சீழ்க்கட்டி என்ற சந்தேகம் வந்தால் பல், காது, மூக்கைச் சுற்றிய காற்றறைகள், இதய வால்வு எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். சீழ் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில் இருந்துதான் மேலே போகும். நான்கிலும் குறை தென்படவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே ஆறிய ஒரு வெட்டுக்காயத் தழும்பு இருந்தது. அன்று அதற்கு எவரும் முக்கியத்துவம் கொடுக்கவில்லை.

இரத்தச் சீனி 380, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 11.4 விழுக்காடு. வெண்குருதிக் கலங்களும் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் உயர்ந்திருந்தன. நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் நடுப்பகுதியில் மங்கலான ஒரு நிழல். சி.ரி. ஸ்கானில் மூளையின் வலது முன்மடலில் விளிம்பு மட்டும் ஒளிரும் வளையமாக ஒரு கட்டி, சுற்றிலும் வீக்கம். மூளைக்குள் அழுத்தம் இருந்ததால் முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவடத் திரவம் எடுக்கவில்லை. அந்த நிலையில் அதை எடுப்பது ஆபத்து.

சீழும் மூன்று குழாய்களும்

இப்படி ஒரு வளையத்தைக் கண்டால் எங்கள் நாட்டில் முதலில் மனதுக்கு வருவது காசநோய்க் கட்டி. அடுத்தது சாதாரண பற்றீரியாச் சீழ்க்கட்டி. புற்றுநோய்ப் பரவலையும் மறந்துவிடக்கூடாது. வழக்கப்படி பற்றீரியாவுக்கு எதிரான செஃப்ட்ரையாக்சோனும் மெட்ரோனிடசோலும் நாளத்தில் ஏற்றத் தொடங்கினோம். வலிப்புக்கு மருந்து, சீனிக்கு இன்சுலின். மூன்றாம் நாள் மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ஊசி வழியே கெட்டியான சீழை உறிஞ்சி எடுத்தார்கள்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் அந்தச் சீழை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பங்கு சாதாரண வளர்ப்புக்கு, இன்னொன்று காசநோய்ப் பரிசோதனைக்கு. மூன்றாவது பங்கு எதுவும் சேர்க்காத கிருமிநீக்கிய வெற்றுக் குழாயில் போய் உறைபெட்டிக்குள் இருந்தது. அதைக் கேட்டு வாங்கி வைத்தவர் எங்கள் நுண்ணுயிரியல் மருத்துவர். அவருடைய அந்த முன்யோசனையால்தான் பின்னால் நடந்தது எல்லாம் சாத்தியமானது.

நுணுக்குக்காட்டியில் சீழ்க்கலங்கள் நிறையத் தெரிந்தன, கிருமி ஒன்றும் தெரியவில்லை. காற்றுள்ள, காற்றில்லாத இரு வளர்ப்பிலும் ஐந்து நாளாகியும் எதுவும் வளரவில்லை. இரத்த வளர்ப்பும் வெறுமை. காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் பரிசோதனையில் அந்தக் கிருமி இல்லை. இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும்: சீழில் ஜீன்எக்ஸ்பெர்ட் இல்லை என்று காட்டினாலும் காசநோய் இல்லை என்று முழுதாக அடித்துச் சொல்ல முடியாது. எனவே காசநோய் மருந்தையும், வீக்கத்தோடு நோயெதிர்ப்பையும் தணிக்கும் ஸ்டீரொய்டையும் தொடங்குவோமா என்ற பேச்சு விடுதிச் சுற்றில் ஒவ்வொரு நாளும் எழுந்தது. நியாயமான பேச்சுத்தான். ஆனால் சீனி கட்டுப்படாத ஒருவருக்கு, பெயர் தெரியாத ஒரு கிருமி மூளைக்குள் இருக்கும்போது ஸ்டீரொய்ட் கொடுப்பது சிறிய முடிவு அல்ல.

இதற்கிடையே காய்ச்சல் இறங்கவில்லை. சீழை எடுத்து ஐந்தாம் நாள் இடது கால் இன்னும் தளர்ந்தது.

எம்.ஆர்.ஐ. காட்டிய பாதை

அப்போது எடுத்த எம்.ஆர்.ஐ. எங்கள் எண்ணத்தையே திருப்பிவிட்டது. நோய் முன்மடலில் நின்றுவிடவில்லை. மூளையின் இயக்கப் பகுதியில் இருந்து முள்ளந்தண்டு நோக்கி இறங்கும் நரம்பு நார்க்கற்றையின் வழியே கீழே போயிருந்தது. இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் நார்ப்பாலத்தின் ஊடாக மறுபக்கத்தையும் எட்டிப் பார்த்திருந்தது. சிறு சிறு சீழ்ப்புள்ளிகள் அந்த வழி நெடுகக் கிடந்தன.

பெரும்பாலான பற்றீரியாக்கள் மூளையில் ஓரிடத்தில் சீழ் கட்டி, உடல் அதைச் சுற்றிச் சுவர் எழுப்ப, அங்கேயே பெருக்கும். நார்களின் போக்கைப் பிடித்துக்கொண்டு நகரும் சீழ் என்றால் நினைக்கவேண்டிய கிருமிகள் மிகச் சில. அவற்றில் முதலிடம் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லைக்கு. அது தரும் நோய்தான் மெலியோய்டோசிஸ். இந்தக் கிருமி நம் உடற்கலத்துக்குள் புகுந்துகொள்ளும். உள்ளே போனதும் கலத்தின் சொந்த அக்ரின் புரதத்தையே தன் ஒரு முனையில் வாலாகக் கட்டி, அந்த உந்தலில் பக்கத்துக் கலத்துக்குள் நுழையும். வெளியே வராமலே கலத்தில் இருந்து கலத்துக்குப் பரவுவதற்கு வழிசெய்யும் புரதத்துக்கு பிம்ஏ என்று பெயர். அவுஸ்திரேலிய ஆய்வுகளில் அந்தப் புரதத்தின் ஒரு குறிப்பிட்ட வகையைக் கொண்ட கிருமிகள் நரம்பு மண்டல நோயோடு அதிகம் தொடர்புபட்டிருக்கின்றன.

படத்தைப் பார்த்த பிறகு நோயாளியின் மனைவியிடம் மறுபடி போய் உட்கார்ந்தோம். இந்தத் தடவை கேள்வி வேறு: மழைக் காலத்தில் அவர் எங்கே நின்றார், என்ன செய்தார்?

“மார்கழித் துவக்கத்து மழைக்குள்ள வயல் முழுக்கத் தண்ணி நிண்டது டொக்டர். வரம்பை வெட்டி விடவேணும் எண்டு விடிய விடிய வெள்ளத்துக்குள்ள நிண்டவர். காலில மண்வெட்டி பட்ட காயம் வேற. வேண்டாம் எண்டு சொன்னனான், கேக்கேல்ல.”

செருப்பு?

“வயலுக்க ஆர் செருப்புப் போடுறது?”

இதை முதல் நாளே கேட்டிருக்கலாமே என்று வாசிப்பவர் நினைக்கலாம். தொழில் விவசாயம் என்று முதல் நாளே எழுதியாகிவிட்டது. ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல் எவரையும் தனியே பிரித்துக் காட்டாது. வெள்ளத்தில் நின்ற நாள், காயம், காய்ச்சல் தொடங்கிய நாள் மூன்றையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் அது நோயின் கதையாக மாறியது. மெலியோய்டோசிஸ் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. தோலின் காயம் வழியாகவும், மழைக்காற்றோடு மூச்சு வழியாகவும், குடிநீர் வழியாகவும் உடலுக்குள் வரும். நல்ல உடல்நிலை உள்ள பலரிடம் ஒன்றும் செய்யாமல் போய்விடும். சலரோகம் உள்ளவர்களைத்தான் தேடிப் பிடிக்கும். முதலில் பிடிப்பது பெரும்பாலும் நுரையீரலை; அந்த எக்ஸ்ரே நிழலுக்கும் இப்போது ஒரு விளக்கம் கிடைத்தது. மூளையைத் தாக்குவது நூறு நோயாளிகளில் இரண்டு மூன்று பேரில் மட்டும்.

இந்த நோய் எங்களுக்குப் புதிது என்று எண்ணுவது தவறு. 1911இல் ரங்கூனில் இதை முதலில் இனங்கண்டவர்கள் அல்பிரட் விற்மோரும் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும். அந்த இரண்டாவது பெயரைப் பாடநூல்கள் பல நேரம் விட்டுவிடுகின்றன. அது எனக்கு வருத்தம் தருகிற விஷயம். இலங்கையில் முதல் நோயாளி பதிவானது 1927இல். அதன் பிறகு நீண்ட காலம் பேச்சே இல்லை. கடந்த இருபது வருடங்களில் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் முறையாகத் தேடத் தொடங்கிய பிறகு நாட்டின் பல மாகாணங்களில் இருந்தும் நோயாளிகள் வெளிப்பட்டார்கள். 2016இல் வெளியான ஒரு கணிப்பு, உலகில் வருடத்துக்கு 165,000 பேர் இந்த நோய்க்கு ஆளாவதாகவும் அவர்களில் 89,000 பேர் இறப்பதாகவும் சொல்கிறது.

மருந்தை மாற்றியது

செஃப்ட்ரையாக்சோன் ஆய்வுகூடத் தட்டில் இந்தக் கிருமியை ஓரளவு தடுக்கும், நோயாளியில் போதாது. அதைக் கொடுத்தவர்களில் இறப்பு கூடுதல் என்று தாய்லாந்து அனுபவம் காட்டியிருக்கிறது. ஜென்ரமைசின் பொதுவாகக் கேட்காது. கொலிஸ்ரின் அறவே கேட்காது. முதலில் கிடைத்த கோ-அமொக்சிக்ளாவ் இந்தக் கிருமியின் மேல் ஓரளவு வேலை செய்யும் மருந்து. அதனால்தான் காய்ச்சல் அரைகுறையாகத் தணிந்தது. அதே காரணத்தால்தான், பின்னால் செஃப்ட்ரையாக்சோனும் சேர்ந்துகொள்ள, சீழில் இருந்த கிருமி தட்டில் வளரும் வலுவை இழந்திருந்தது என்று கருதுகிறோம். நோயைக் குணமாக்கப் போதாத மருந்து, வளர்ப்பைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது.

அன்று மாலையே செஃப்ட்ரையாக்சோனை நிறுத்தி மெரோபெனம் 2 கிராம் எட்டு மணிக்கு ஒரு தடவை தொடங்கினோம். மூளை என்பதால் கோட்ரைமொக்சசோலும் உடனடியாகச் சேர்ந்தது, கூடவே போலிக் அமிலம். ஆய்வுகூடத்துக்கும் சந்தேகத்தைச் சொன்னோம். மெலியோய்டோசிஸ் என்ற எண்ணம் இல்லாமல் திறந்த மேசையில் தட்டுகளைக் கையாள்வது பணியாளருக்கு ஆபத்து. தட்டை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்க்கும் பழைய பழக்கம் இந்தக் கிருமியிடம் கூடவே கூடாது.

சரி, மருந்தைத் தொடங்கியாகிவிட்டது. பிறகு பெயர் எதற்கு?

மெரோபெனம் விடுதியில் கேட்டவுடன் கிடைக்கும் மருந்து அல்ல. சில நாளுக்கு ஒரு முறை காரணம் எழுதி அனுமதி வாங்கவேண்டும். மூளை மெலியோய்டோசிஸுக்கு நாளம் வழி மருந்து ஆகக் குறைந்தது 8 வாரம். அதன் பிறகு வாய்வழி கோட்ரைமொக்சசோல் 6 மாதம். வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு இத்தனை காலம் யார் கொடுப்பார்? இரண்டாம் வாரம் காய்ச்சல் நின்றதும் சாதாரண மருந்துக்கு மாற்றச் சொல்வார்கள். மூன்றாம் வாரம் பொட்டாசியம் ஏறினால் கோட்ரைமொக்சசோலை நிறுத்தச் சொல்வார்கள். காய்ச்சல் நிற்காவிட்டால் காசநோய்ப் பேச்சு திரும்ப வரும். மெலியோய்டோசிஸில் சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் இறங்கச் சராசரியாக 9 நாள் எடுப்பது வழமை. கிருமியின் பெயர் கையில் இல்லாதவர் அந்த 9 நாளைப் பொறுத்துக்கொள்வது கடினம்.

எனவே உறைபெட்டியில் இருந்த மூன்றாவது குழாய் மூன்றடுக்குப் பொதியில் ஐஸோடு கொழும்புக்குப் போனது.

சீழில் இருந்து எழுத்துகள்

கேட்ட பரிசோதனை 16எஸ் மரபணு வாசிப்பு. எல்லாப் பற்றீரியாவிலும் புரதம் செய்யும் றைபோசோம் உண்டு. அதன் ஒரு பகுதிக்கான மரபணுதான் 16எஸ். நீளம் ஏறத்தாழ 1,500 எழுத்துகள். 1977இல் கார்ள் வூசும் அவரது சகாவும் இந்த றைபோசோம் பகுதியை ஒப்பிட்டுத்தான் உயிரினங்களின் வம்ச வரலாற்றையே திருத்தி எழுதினார்கள். அந்த 1,500 எழுத்துகளில் சில பகுதிகள் எல்லாப் பற்றீரியாவிலும் மாறாமல் இருக்கும். இடையிடையே 9 பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். தேசிய அடையாள அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்: அச்சிட்ட தலைப்பு எல்லா அட்டையிலும் ஒன்றே, அதை வைத்து இது அடையாள அட்டை என்று தெரிந்துகொள்ளலாம், உள்ளே இருக்கும் இலக்கம் ஆளுக்கு ஆள் வேறு. மாறாத பகுதிகளில் தொடக்கித் துண்டுகளை ஒட்டவைத்து, பி.சி.ஆர். மூலம் இடைப்பட்ட பகுதியைக் கோடிக்கணக்கில் பெருக்கி, எழுத்து எழுத்தாக வாசித்து, பொதுத் தரவுத்தளங்களில் இருக்கும் வரிசைகளோடு ஒப்பிடுவார்கள். கிருமி உயிரோடு இருக்கவேண்டியதில்லை. எந்தக் கிருமி என்று முன்கூட்டிச் சந்தேகப்படவும் வேண்டியதில்லை.

இந்தச் சீழுக்கு 16எஸ் பொருத்தமாக இருந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. பல்லில் இருந்தோ காற்றறையில் இருந்தோ ஏறிய சீழ்க்கட்டியில் பல இனப் பற்றீரியாக்கள் கலந்திருக்கும். அப்போது எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக வாசிக்கும் பழைய சாங்கர் முறையில் வாசித்தால் எழுத்துக்கு மேல் எழுத்து ஏறி எதுவும் புரியாது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே வாசிக்கும் புதிய தலைமுறைக் கருவி வேண்டும். இவருக்குப் பல்லும் காற்றறையும் சுத்தம். ஒரே கிருமிதான் என்று எதிர்பார்க்க நியாயம் இருந்தது.

இரண்டு கிழமைக்கு மேல் கழித்து முடிவு வந்தது. ஏறத்தாழ 500 எழுத்துகள் தெளிவாக வாசிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு இடத்திலும் ஒற்றை முகடு, கலப்பு இல்லை. ஒப்பீட்டில் முழுப் பொருத்தம் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லையோடு.

இங்கேதான் நிதானம் வேண்டும். அந்தத் தாளைப் பார்த்து உடனே மகிழ்வது இயல்பு. ஆனால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் அதை நோயாளியின் கோப்பில் முடிவாக எழுதக்கூடாது.

முதல் கேள்வி: அந்த டி.என்.ஏ. உண்மையில் சீழில் இருந்து வந்ததா? ஆய்வுகூடங்கள் பாவிக்கும் டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் கிட்டுகளிலும் தண்ணீரிலும் மிகச் சிறு அளவில் பற்றீரியா டி.என்.ஏ. இருப்பது 2014 முதல் நன்றாக விளக்கப்பட்ட விஷயம். அப்படி அடிக்கடி தென்படும் இனங்களின் பட்டியலில் பர்க்ஹோல்டேரியா என்ற பேரினமும் இருக்கிறது! மண்ணிலும் நீரிலும் வாழும் அதன் உறவினங்கள்தான் அவை. எனவே நாங்கள் ஆய்வுகூடத்திடம் முதலில் கேட்டது, சீழ் சேர்க்காமல் அதே கிட்டில் அதே நாள் ஓட்டிய வெற்று மாதிரியில் என்ன வந்தது என்று. ஒன்றும் வரவில்லை. நோயாளியின் மாதிரியில் டி.என்.ஏ. இருப்பதைக் காட்டும் சைகை பி.சி.ஆர். பெருக்கலின் ஆரம்பச் சுற்றுகளிலேயே வலுவாக எழுந்திருந்தது. கிட்டு மாசு பெரும்பாலும் கடைசிச் சுற்றுகளில்தான் தலைகாட்டும். வெற்று மாதிரியின் விடையை இணைக்காத மரபணு அறிக்கையை, எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும், நான் நம்பமாட்டேன்.

இரண்டாவது: இது சூடோமல்லைதானா, அதன் உறவினமா? 16எஸ் இங்கே தன் எல்லையைத் தொடுகிறது. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயைத் தரும் பர்க்ஹோல்டேரியா மல்லை, சூடோமல்லையில் இருந்தே பிரிந்து வந்த இனம். இரண்டுக்கும் 16எஸ் முழு நீளத்திலும் ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். வாசித்த 500 எழுத்துகளை வைத்து இரண்டையும் நம்பிப் பிரிக்க முடியாது. பெரும்பாலும் தீங்கற்ற இன்னொரு உறவினமான பர்க்ஹோல்டேரியா தாய்லாண்டென்சிஸும் சில எழுத்துகள்தான் தள்ளி நிற்கிறது. எனவே எஞ்சிய டி.என்.ஏ.யில் சூடோமல்லைக்கே உரிய ஒரு மரபணுவைத் தேடும் இரண்டாவது பி.சி.ஆர். கேட்டோம். கிருமி தன் புரதங்களைப் பிற கலத்துக்குள் ஊசிபோல் செலுத்தும் மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பின் மரபணு அது, ரி.ரி.எஸ்.1 என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதுவும் இருக்கிறது என்று வந்தது. இந்தக் கிருமிக்கு எதிராக உடல் செய்யும் எதிருடலின் அளவும் இரத்தத்தில் உயர்ந்திருந்தது. மழைக் காலத்தில் வயலில் இறங்குகிறவர்களில் நோய் இல்லாதவர்களுக்கும் எதிருடல் இருக்கக்கூடும் என்பதால் அதற்குத் தனியாக எடை கொடுக்கவில்லை.

வயல் வெள்ளம், சலரோகம், நார்வழி பரவிய எம்.ஆர்.ஐ., 16எஸ், ரி.ரி.எஸ்.1. இவ்வளவும் ஒரே திசையைக் காட்டின. நோயைக் கோப்பில் உறுதி என்று எழுதினோம்.

பெயர் கிடைத்ததும் செய்த முதல் வேலை வயிற்றைப் பார்ப்பது. மெலியோய்டோசிஸ் என்றால் ஈரல், மண்ணீரல், ஆண்களில் புரொஸ்டேற் சுரப்பி ஆகியவற்றில் மறைவாகச் சீழ் இருக்கலாம். சி.ரி. ஸ்கானில் மண்ணீரலில் சில சிறு கட்டிகள் தெரிந்தன. வயிற்றில் அவருக்கு எந்த நோவும் இருந்ததில்லை. கிருமி இன்னது என்று தெரியாமல் இருந்திருந்தால் வயிற்றை ஸ்கான் செய்ய எவருக்கும் தோன்றியிராது. அடுத்து ஆய்வுகூடப் பணியாளர் எவர் எவர் தட்டுகளைக் கையாண்டார்கள் என்று கணக்கெடுத்தோம். தட்டில் எதுவும் வளராததால் ஆபத்துக் குறைவு. அவர்களிடம் நிலைமையை விளக்கி, காய்ச்சல் வந்தால் உடனே சொல்லச் சொன்னோம்.

16எஸ் சொல்லாத ஒன்றும் உண்டு: கிருமி எந்த மருந்துக்குக் கேட்கும் என்பது. அதற்கு உயிருள்ள கிருமி வேண்டும். தொண்டை, சிறுநீர் மாதிரிகளை இந்தக் கிருமிக்கென்றே உள்ள ஆஷ்டவுன் வளர்ப்பு ஊடகத்தில் வளர்க்க முயன்றோம். அத்தனை நாள் மருந்துக்குப் பிறகு எதுவும் வளரவில்லை. இந்த இனத்தில் மெரோபெனத்துக்குத் தொடக்கத்திலேயே எதிர்ப்பு இருப்பது மிக அரிது என்பதால் அதை நம்பித் தொடர்ந்தோம்.

எல்லா டி.என்.ஏ.யையும் வாசிக்கக் கேட்டிருக்கலாமா

மாதிரியில் இருக்கும் எல்லா டி.என்.ஏ.யையும் ஒட்டுமொத்தமாக வாசிக்கும் முறை ஒன்று உண்டு, மெற்றாஜெனோமிக் வாசிப்பு என்பார்கள். பற்றீரியா, வைரஸ், பூஞ்சணம், ஒட்டுண்ணி எல்லாம் அதில் அடங்கும். அதன் பெயரை உலகுக்குச் சொன்ன நிகழ்வு 2014இல் வெளியானது: அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள 14 வயதுச் சிறுவன் ஒருவன், மூளை அழற்சியோடு மாதக்கணக்கில் காரணம் தெரியாமல் கிடந்தான். அவனது தண்டுவடத் திரவத்தைக் கலிபோர்னியாவில் இப்படி வாசித்தபோது இரண்டு நாளில் லெப்ரோஸ்பைரா என்று தெரிந்தது. பென்சிலின் கொடுத்தார்கள், பிழைத்தான். எலிக்காய்ச்சல் கிருமிதான் அது! 2024 டிசம்பரில் அதே நோயால் உயிர்களை இழந்த யாழ்ப்பாணத்தில் இருந்து அந்தக் கட்டுரையை வாசிக்கும்போது மனம் கனக்கிறது. காரணம் தெரிந்தால் மலிவான மருந்தால் மாற்றக்கூடிய நோய் அது.

ஆனால் அந்த முறைக்கும் எல்லை உண்டு. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மூளைக்காய்ச்சல், மூளை அழற்சி போன்றவற்றோடு வந்த 204 நோயாளிகளைப் பார்த்தார்கள். உறுதியான தொற்றுகள் 58. அவற்றில் 13ஐ இந்த வாசிப்பு மட்டுமே கண்டுபிடித்தது. 26ஐ அது தவறவிட்டது. தவறியவற்றில் 11 எதிருடல் பரிசோதனையில் மட்டும் தெரிந்தவை, 7 தண்டுவடத் திரவத்தில் அல்லாமல் வேறு மாதிரியில் தெரிந்தவை, 8 கிருமி மிகக் குறைவாக இருந்தவை. சீழில் இன்னொரு தொல்லை: அதில் இருப்பது பெரும்பகுதி நம்முடைய வெண்குருதிக் கலங்களின் டி.என்.ஏ. அதை வாசித்து முடிக்கவே பணம் கரையும். கைக்குள் அடங்கும் நனோபோர் டி.என்.ஏ. வாசிப்புக் கருவிகள் வந்த பிறகு இது வடக்கிலேயே நடக்கக்கூடிய நாள் தூரத்தில் இல்லை என்று நம்புகிறேன். அதுவரை, சீழ் கிடைத்த நோயாளிக்கு 16எஸ் போதும். சீழ் எடுக்கமுடியாத, தண்டுவடத் திரவம் மட்டும் கிடைக்கிற நோயாளிக்கு மற்றதைக் கேட்கலாம்.

கருவியைவிட முதலில் மாறவேண்டியது சத்திரசிகிச்சைக் கூடத்துப் பழக்கம். மூளையில் இருந்து எடுக்கும் சீழையோ திசுவையோ முழுவதும், திசுவைப் பதப்படுத்தும் போர்மலினில் போட்டால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். எடுத்த கையோடு ஒன்றிரண்டு மில்லிலீற்றரை வெற்றுக் குழாயில் போட்டு, பெயரும் திகதியும் எழுதி, உறைபெட்டியில் வைத்தால் போதும். மறை 20 பாகையே சில வாரத்துக்குத் தாங்கும். குழாயின் விலை சில ரூபாய். வளர்ப்பில் கிருமி வளர்ந்துவிட்டால் எறிந்துவிடலாம். வளராவிட்டால் அந்த ஒன்றிரண்டு மில்லிலீற்றருக்கு ஈடு எதுவும் இல்லை, ஏனென்றால் அந்தச் சீழுக்காக இன்னொரு தடவை மண்டையோட்டைத் துளைக்க முடியாது. அந்தக் குழாயை எடுத்து வைக்கும்படி இதை வாசிக்கும் ஒவ்வொரு சத்திரசிகிச்சை நிபுணரிடமும் தாதியிடமும் மன்றாடிக் கேட்கிறேன்.

பிறகு

மெரோபெனம் தொடங்கி ஒரு கிழமை தாண்டியும் காய்ச்சல் மாலையில் எட்டிப் பார்த்தது. இரண்டாம் கிழமை நடுவில் நின்றது. கோட்ரைமொக்சசோலால் பொட்டாசியம் ஒரு கட்டத்தில் 5.9 வரை ஏறியது. அந்த நேரத்தில் மரபணு முடிவு கையில் இருந்ததால் மருந்தை நிறுத்தும் பேச்சு எழவில்லை. அளவைக் குறைத்து, உணவில் இளநீரையும் வாழைப்பழத்தையும் நிறுத்தி, நாள் விட்டு நாள் இரத்தம் பார்த்துச் சமாளித்தோம். காசநோய் மருந்தும் ஸ்டீரொய்டும் கடைசி வரை கொடுக்கவில்லை.

8 வார முடிவில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் முன்மடல் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது, நார்வழிப் புள்ளிகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. மண்ணீரலும் தெளிந்தது. வீட்டுக்குப் போகும்போது தடியின் உதவியோடு நடந்தார். இடது கையால் பொத்தான் போட இன்னும் சிரமம், இயன்மருத்துவம் தொடர்கிறது. இன்சுலினை அவரது மகள் போட்டுவிடுகிறாள். 6 மாதக் கோட்ரைமொக்சசோலை ஒரு நாளும் தவறவிடாமல் முடித்தார். அதற்கு மனைவியைத்தான் பாராட்டவேண்டும்.

வயலை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதை விடச் சொல்லவும் எங்களுக்கு மனம் வரவில்லை. முழங்கால் வரை வரும் றப்பர் சப்பாத்து, காயம் இருந்தால் தண்ணீரில் இறங்காமை, மழையும் காற்றும் கடுமையாக அடிக்கும்போது வெளியில் நிற்காமை, கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தல், சீனியைக் கட்டுக்குள் வைத்திருத்தல் என்று பேசி ஒத்துக்கொண்டோம். அவரது கிளினிக் கொப்பியின் முன்னட்டையில் நுண்ணுயிரியல் மருத்துவர் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: மெலியோய்டோசிஸ் வந்தவர், காய்ச்சலோடு வந்தால் அன்றே இரத்த வளர்ப்பு எடுக்கவும், செஃப்ட்ரையாக்சோன் போதாது.